துண்டு மூடிய தட்டு

புத்தூர் ஆஸ்பத்திரி நடையில் ஒரு நர்ஸ் துண்டு போட்டு மூடிய தட்டோடு என்னைக் கடந்து போனாள். உள்ளே எஃகுச் சாமான்கள் கிணுகிணுத்தன. அவை போனது என் மனைவி அலமேலு படுத்திருந்த அறைக்கு. பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன் நான்.

நான் பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆபீஸ் குமாஸ்தா. எஞ்சினைப் பிரிக்கிற ஸ்பானர்களைத் தினமும் பார்க்கிறவன். என் கற்பனையும் அந்த அளவில்தான் ஓடும்.

அலமேலுவுக்கு ஆறு வாரமாக உதிரம் நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அதற்கு நோய் என்று பெயரில்லை. தூரம் என்று பெயர். கொல்லை அறையில் ஒதுங்க வேண்டும், நாலாம் நாள் தலைக்குக் குளித்து உள்ளே வர வேண்டும். நாலாம் நாளே வராவிட்டால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சமைக்க வந்த என் அக்கா, நாற்பதுக்கு மேல் இப்படித்தான் என்று என் வாயை அடைத்தாள். எட்ட நின்று பார்த்தால் முகம் வெளுத்தது எப்படித் தெரியும்? ஒரு நாள் அலமேலு கிணற்றடியில் மயங்கிச் சாய்ந்தாள்.

"தொடாதேடா" என்றாள் அக்கா. தூக்கிக் குதிரை வண்டியில் போட்டேன்.

லேடி டாக்டர் ஸ்பெகுலம் (பிறப்பு வழியை விரித்துப் பிடிக்கும், வாத்து அலகு போன்ற கருவி) வைத்துப் பார்த்தார். இனி கர்ப்பப்பைக்குள் சவுண்டு (ஆழம் பார்க்கும் மெல்லிய கம்பி) விட்டு, க்யூரெட்டால் (உட்சுவரைச் சுரண்டும் சின்னக் கரண்டி) சதை எடுத்து, புற்றா என்று பார்க்க மதராஸுக்கு அனுப்ப வேண்டுமாம். இவ்வளவும் சொன்னது கூட வந்த என் அக்காவிடம். என்னைக் கூப்பிட்டது கையெழுத்துக்கு மட்டும். என்ன ஏது என்று கேட்டால், "உட்காருங்க, சொல்றோம்." உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சு தேய்ந்ததுதான் மிச்சம்.

பொறுக்காமல் டாக்டர் அறைக்குள் நுழைந்து, அந்தச் சாமான்களை எனக்குக் காட்டியே தீர வேண்டும் என்றேன். கழுவி வைத்திருந்த கரண்டி ஒன்றை என் கையில் வைத்தார். காதுக்குரும்பி எடுக்கிற குச்சியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"வலிக்குமா டாக்டர்?"

"அவங்களுக்கு மயக்க மருந்து கொடுத்துடுவோம். உங்களுக்குத்தான் என்ன கொடுக்கிறதுன்னு தெரியலைங்க."

மனைவிக்காக வெளியே காத்திருக்கும் கணவன்மாரே, வெட்கப்படாமல் கேட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்த கருவி பாதி பயத்தைக் குறைக்கும். மீதிப் பயம் மதராஸிலிருந்து தபாலில் வரும்.

சதையை எடுத்து அனுப்பியாயிற்று; முடிவு லேசில் வரவில்லை. தினமும் ஆபீஸ் விட்டதும் புத்தூருக்குப் போவேன். இன்னும் வரலைங்க என்பார்கள். ஒரு நாள் நான் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்க, அலமேலு கேட்டாள்: "சுரண்டினது என்னை. நீங்க ஏன் சாப்பிடாம இருக்கேள்?"

கடைசியில் வந்தது. புற்று இல்லை, உட்சுவர் தடித்திருந்தது, அவ்வளவே. சுரண்டியதில் உதிரமும் நின்றுவிட்டது. இனி தூரம் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் உடனே அழைத்து வரச் சொன்னார்கள்.

அவள் இன்றும் மாதாமாதம் ஒதுங்குகிறாள். அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் அவள் சாப்பாட்டுத் தட்டை இப்போது நான்தான் கொண்டுபோகிறேன். கிட்டத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறேன். அக்கா முறைக்கிறாள், முறைக்கட்டும். நாலாம் நாள் காலையில், அலமேலு ஈரத்தலையோடு அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கிறவரை எனக்குப் பொழுது விடிவதில்லை. ஆபீஸுக்குப் போகிற பொன்மலை ரயில் போனால் போகட்டும்.