சிறப்புக் கழிவு

தேக்கா சந்தையில் மீன் விற்றவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாம் கேட்கும் முன்பே கட்டைவிரலால் மீனின் செவுளைத் திறந்து உள்சிவப்பைக் காட்டுவார். முழங்கைவரை செதில் ஒட்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார்.

எங்கோ ஓர் அணு உலையின் கழிவுநீரைக் கடலில் விடுகிறார்கள் என்று செய்தி வந்த வாரம், அவர் கடைப்பக்கம் ஆள் அதிகம் இல்லை. விலையைக் குறைத்து, ‘இன்று சிறப்புக் கழிவு’ என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார். தள்ளுபடியை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு முன்னால் நின்ற பெண்மணி அதைப் படித்துக் கொதித்துப் போனார். “என்னண்ணே, கழிவுன்னு போர்டே போட்டு விக்கிறீங்களா? பிள்ளைங்க சாப்பிடுற மீன் லா!”

மீன்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. ஈரக்கையால் அந்தச் சொல்லைத் துடைத்தார். மை பரவியதே தவிர, அழியவில்லை.

“கடல்ல ஊத்திக்கன்னு கையெழுத்துப் போட்டவங்கள யாரும்மா கேக்குறா? என்னைத்தான் கேக்குறீங்க. மீன் கெட்டிருந்தா செவுளத் திறந்து காட்டிருவேன். இதுக்கு நான் எதைத் திறந்து காட்ட?”

அந்தப் பெண்மணி போய்விட்டார். நான் ஒரு கொடுவா மீன் கேட்டேன். எடுத்தார். வழக்கம்போல் கட்டைவிரல் செவுள்வரை போனது, திறக்காமலே திரும்பிவிட்டது.