உலகம்மைக்குத் திரை வேண்டாம்

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யாமல் சம்பளம் வாங்க ஆசைப்படாத ஒரே ஆள் உலகம்மை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த நீலகண்டன் முப்பது வருஷ சர்வீஸில் பார்த்த நிஜம் இது. யாருக்காவது கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் வாரியம். பெயர் வேண்டாம். ஜனங்கள் கொடுக்கும் புகார்களை விசாரிக்கும் இடம். விசாரணையில் பேசுவதை எல்லாம் ஒலிப்பதிவு செய்வோம். அதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் டைப் செய்து கோப்பில் சேர்க்க வேண்டும். அதைச் செய்பவள் உலகம்மை. நாஞ்சில் நாட்டுக் குடும்பம், கரமனையில் வீடு, வயது நாற்பத்தாறு. பிறவியிலேயே கண் தெரியாது.

வேலைக்கு வந்தபோது அவள் டெலிபோன் ஆபரேட்டர். ஆளுக்கொரு மொபைல் வந்ததும் அந்தப் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆளை எங்கே கழற்றுவது? வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காலையில் வருவாள், சாயங்காலம் போவாள், நடுவில் இரண்டு சாயா. நாலு வருஷம் இப்படி. "சும்மா இருந்து சம்பளம் வாங்கறதுன்னா பாக்கியம் பண்ணியிருக்கணும்" என்று நான்கூட ஒரு நாள் சொன்னேன். "அப்போ நீங்க இங்க வந்து இருங்க சாரே, நான் உங்க சீட்டுக்குப் போறேன்" என்றாள். 

பிறகு அவளே போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுவது லினக்ஸ். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஏற்பாடு ஒன்றை அதில் போடலாம்; அவளுக்காக ஒரு மெஷினில் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். மலையாளமும் வாசிக்கும், தமிழும் வாசிக்கும், ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டே வேலை செய்வாள். டைரக்டர் அறைக்கு ஏழெட்டுத் தடவை நடந்து இந்த டைப்பிங் வேலையை வாங்கினாள். எல்லைப் பக்கத்து ஆட்கள் தமிழும் மலையாளமுமாகக் கலந்து கத்துகிற விசாரணைகூட அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மானிட்டரை மட்டும் எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள். "எனக்கு அது எதுக்கு? போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாத்து வாசிக்கதுக்கா?" என்பாள். விசாரணைப் பேச்சு ரகசியம். எட்டிப் பார்க்கிறவன் என்று அவள் யாரைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து மேஜை என்னுடையது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், சிஸ்டம் அப்டேட் வந்திருப்பதாக மெஷின் சொன்னது. மாதாமாதம் வருவதுதான். உலகம்மை அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை வந்து ஹெட்போனை மாட்டினாள். சத்தம் இல்லை.

ஹெட்போனைத் தன் மொபைலில் சொருகிப் பார்த்தாள், பாடியது. மெஷினை மூன்று தடவை அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டை மனப்பாடமாக அடித்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் கேக்கல்ல சாரே, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். சத்தம் நூறில் இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது.

"வர்றதே, நன்னா ஓடறதே!"

"எங்க வருகு?"

"இதோ, கோடு ஆடறது."

"கோடு ஆடுகதை வச்சு நான் என்ன செய்யட்டு சாரே?"

நியாயம்தான். எங்கள் மெஷின்களைப் பார்க்கும் சஜிக்குப் போன் போட்டேன். மச்சான் கல்லாற்றில் கடை திறக்கிறான், வியாழக்கிழமைதான் வர முடியும், போனிலேயே பார்க்கலாம் என்றான். அவன் சொன்ன இடத்தையெல்லாம் திறந்தேன். அவுட்புட் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். மானிட்டரின் முகப்பில் இருக்கும் கம்பெனிப் பெயர்தான் அங்கேயும் இருந்தது. "நம்ம மெஷின் பேர்தான், எல்லாம் கரெக்ட்" என்றேன். "அப்படியானால் அப்டேட் கோளாறுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடவேண்டும்" என்று வைத்துவிட்டான். வேறு மெஷினில் உலகம்மை உட்காரலாம் என்றால், வாசிக்கும் ஏற்பாடு வேறு எதிலும் இல்லை. அதைப் போடவும் சஜிதான் வரவேண்டும்.

அவள் கையில் இருந்த விசாரணை வியாழக்கிழமை மூன்று மணிக்குள் டைரக்டருக்குப் போக வேண்டியது. எங்கள் செக்‌ஷன் ஆபீசர் ரெம்யா மேடம் நல்லவர். அதுதான் வம்பாகிவிட்டது. உலகம்மையின் தோளைத் தொட்டு, சேச்சி நிம்மதியாக உட்காரட்டும், டென்ஷன் வேண்டாம் என்றார். பிறகு என்னிடம், "பாவம் அல்லே?" என்றார். கண் தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று நம் ஆட்களுக்கு ஓர் எண்ணம். உலகம்மை தலையைக் குனிந்துகொண்டு ஹெட்போன் வயரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். சாயா வேண்டாம் என்றுவிட்டாள்.

புதன்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு டைரக்டருக்கு ஒரு குறிப்பு தயார் செய்யச் சொன்னார். டைப்பிங் வேலையை வெளியே ஓர் ஏஜென்சிக்குக் கொடுத்துவிடலாம், உலகம்மையின் சிரமத்தைக் கருதி அவளை இலகுவான இருக்கைக்கு மாற்றலாம் என்று. இலகுவான இருக்கை எது? வாசல் நாற்காலிதான். அவளுக்கு இன்னும் பத்து வருஷ சர்வீஸ் இருக்கிறது. பத்து வருஷமும் அங்கேதான். எனக்கே அநியாயமாகப் பட்டது. பட்டு என்ன பிரயோஜனம்? "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை என் மெஷினும் அப்டேட்டில் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே கிடந்தது. மேடம் குறிப்பைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். பக்கத்து மெஷின் சும்மா இருந்தது.

"உலகம்மை, அவசரமா ஒரு லெட்டர் அடிக்கணும். உங்க மெஷின்லே உக்காரட்டுமா?"

"இருங்க சாரே. ஆருக்காவது பிரயோஜனப்படட்டு" என்று பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

அவள் எனக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய கீபோர்டில், அவளை வாசலுக்கு அனுப்பும் குறிப்பை நான் அடித்தேன். அவளுக்குத் தெரியப்போவதில்லை என்ற தைரியம். சீ, இதை எழுதவே கூசுகிறது.

அடித்து முடித்து பிரிண்ட் கொடுப்பதற்குள் சஜி தோள்பையுடன் வந்து சேர்ந்தான். குறிப்பை வாங்க மேடமும் வந்தார். சஜி ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடைய சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சொருகிப் பார்த்தான். சத்தம் இல்லை. மெஷினைக் கொண்டுபோக வேண்டும், திங்கட்கிழமை தருகிறேன் என்றான். அவனுக்கு வயர்களைக் கழற்றிக் கொடுக்க உலகம்மை கையை நீட்டினாள். புறங்கை மானிட்டரின் முதுகில் பட்டது. சட்டென்று கையை எடுத்தாள்.

"இது எதுக்கு சுடுகு?"

ஸ்க்ரீன் ஆனில் இருக்கிறதே, அதனால்தான் என்றான் சஜி.

"எப்போ முதல்?"

 எரிகிற திரை யார் கண்ணுக்கு வித்தியாசமாகப் படும்? மூன்று நாளாக எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையில் இருந்த விசாரணை, வலியசாலையில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் நடக்கும் சண்டை. கோடி வீட்டு மாமா என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அரிப்பு. செவ்வாய்க்கிழமை காலை அவள் வருவதற்கு முன்னால் போய் மானிட்டர் ஸ்விட்சைப் போட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது. வந்த வழியே திரும்பிவிட்டேன், அணைக்காமல்.

"நான்தான் போட்டேன். செவ்வாய்க்கிழமை" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

சஜி குனிந்து திரையைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். "சாரே, இது மானிட்டர் பேரு! மெஷின் பேருன்னல்லவா எங்கிட்ட சொன்னீங்க!" என்று மலையாளத்தில் கத்தினான். இந்த அப்டேட்டுக்குப் பிறகு, ஸ்க்ரீன் எரிந்தால் சத்தமும் ஸ்க்ரீனுக்கே போய்விடுகிறதாம். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. மூன்று நாளாக மெஷின் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வாயில்லாத ஒன்றிடம். சஜி ஸ்விட்சை அணைத்தான்.

உலகம்மை உட்கார்ந்து இரண்டு கீயை அழுத்தினாள். இருப்பதை எல்லாம் முதலிலிருந்து வாசி என்று அர்த்தம்.

ஜலதோஷக் குரல் சஜியின் ஸ்பீக்கரிலிருந்து அறை முழுக்கக் கேட்டது. மலையாளத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். "டைரக்டர் அவர்களின் கவனத்திற்கு. ஊழியர் உலகம்மையின் சிரமத்தைக் கருதி..."

நான் பாய்ந்து மவுஸைப் பிடித்தேன். பிடித்து என்ன செய்ய? திரை அணைந்திருந்தது. எதை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏஜென்சி, இலகுவான இருக்கை, பரிந்துரை எல்லாவற்றையும் அது நிதானமாக வாசித்தது. கடைசி வரியையும் விடவில்லை. "தயாரித்தவர், நீலகண்டன்."

சஜி தோள்பையின் ஜிப்பை இழுத்து மூடினான். ரெம்யா மேடம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். உலகம்மை முழுக்கக் கேட்டுவிட்டு, எந்த டைப்பிஸ்டும் கேட்கிற குரலில் கேட்டாள்: "மேடம், இதை சேவ் பண்ணணுமா?"

மேடம் அவள் பக்கம் குனிந்தார். "வேண்டா சேச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது. உலகம்மை ஒரு கீயை அழுத்தினாள். குறிப்பு போயிற்று. ஸ்பீக்கரைப் பிடுங்கி சஜியிடம் கொடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இரண்டே முக்காலுக்கு விசாரணைக் கோப்பு டைரக்டர் அறைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் கிளம்பும்போது மானிட்டரின் வயரைக் கழற்றிச் சுற்றி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டு சாரே."

"உலகம்மை, மன்னிச்சுக்கோங்கோ. தெருச் சண்டையைப் பாக்கற ஆசையிலே..."

"அதை விடுங்க. எட்டிப் பாக்கது உங்க சுபாவமாக்கும், எனக்குத் தெரியாதா?" பையைத் தோளில் போட்டாள், மடக்குக் கோலை விரித்தாள். "எனக்கு சிரமம்னு எழுதினியளே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

ஒன்பது வருஷமாகப் பக்கத்து மேஜை. கேட்கவில்லை.