போன் அழித்த கருந்திட்டு

அக்கா மகள் கன்னத்தில் பிறந்ததிலிருந்தே ஒரு கருந்திட்டு உண்டு. என் பழைய கேமரா லென்ஸ் படத்தின் ஓரங்களை மங்கலாக்கினாலும் முகத்தை உள்ளபடி காட்டும். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப, சோம்பலில் போனிலேயே படம் எடுத்தேன். அது முகத்தைத் தானாக வழவழப்பாக்கித் திட்டை அழித்திருந்தது. எதையும் இருமுறை சரிபார்க்கிற நான் அதைக் கவனிக்கவில்லை.

பெண் பார்க்க ஆலங்காயத்திலிருந்து மலையேறி எங்கள் ஊருக்கு வந்தார்கள். காபியோடு வந்தவளைப் பார்த்ததும், "இன்னாங்க இது? போட்டோல இல்லியே!" என்றார் பையனின் அம்மா. அக்கா முகம் வெளுத்தது.

"தப்பு என்னுதுங்க. போன் அழிச்சிட்டிருக்கு, நான் பாக்கல" என்றேன்.

அந்த அம்மா மகனைப் பார்த்துச் சிரித்தார். "இவனயும் போன்லதாண்ணே எடுத்தோம். நெத்தியில இருக்கிற தழும்பு நாங்க அனுப்பின படத்துல எங்கன்னு தேடுங்க!"

பெண்ணும் சிரித்துவிட்டாள். அன்றே தட்டு மாற்றினோம்.

'வெளிச்சம் சரியில்லை' என்ற பொய், அந்த அம்மா கேட்டபோது என் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டதை நினைத்தால் இன்றும் நிம்மதியாக மூச்சு வருகிறது.