அலைவரிசையில் சொன்ன பெயர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் தம்பியாகிய என் வணக்கம்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் அக்கா தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் அப்பா, நைனா, சீக்கிரமே போய்விட்டார். அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்து என்னைப் படிக்க வைத்தார், தாமும் படித்தார். பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே ஓர் ஆசிரியரிடம், முன்பின் தெரியாதவர்களோடும் அலைவரிசையில் பேச உதவும் ஹாம் ரேடியோவைப் பார்த்தவர், தேர்வெழுதி உரிமமே வாங்கிவிட்டார்.

கூரைமேல் ஆன்டெனா கம்பி இழுத்த அன்று, "இன்னாக்கா, துணி காயப்போடவா?" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நானும் விடவில்லை. "ஆளுக்கொரு போன் கீது. இத்த வெச்சிக்கினு யார்கிட்ட பேசப்போறே?"

"போனுக்கு நடுவுல டவர் நிக்கணும், கரண்ட் இருக்கணும். இதுக்கு ஒரு பேட்டரியும் அந்தாண்ட கேக்க ஒரு ஆளும் போதும்டா," என்றார்.

ரேடியோவில் 'ஓவர்' என்றால், நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்று பொருள். அந்தப் பழக்கம் அடுப்படி வரை வந்துவிட்டது. "சாப்புட வாங்க, ஓவர்" என்றுதான் தம் கணவரை, எங்கள் மாமாவை, கூப்பிடுவார். பெயர் சொன்னதேயில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள்.

ஒரு புயலில் மாமாவும் குப்பத்து ஆண்கள் சிலரும் ஏரியின் ஆந்திரப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். டவர் சாய்ந்து எல்லாப் போனும் செத்துக் கிடந்தது. காற்று அடங்கிய காலையில் பெண்கள் அழுதபடி எங்கள் வீட்டில் கூடினார்கள். அக்கா கார் பேட்டரியை மாட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கரையிலிருந்து ஒரு ரேடியோ நண்பர் பதில் கொடுத்தார்.

"இங்க நெறைய முகாம் இருக்கும்மா. ஆதார் கார்டுல இருக்கற பேரு சொன்னாதான் தேட முடியும். ஓவர்."

நாங்கள் ஆண்களைப் பட்டப்பெயரால் மட்டுமே அறிந்தவர்கள். கார்டுப் பெயர் அவரவர் மனைவிக்குத்தான் தெரியும்.

"எங்க பெரியவனோட நைனான்னு சொல்லுக்கா," என்றாள் ஒருத்தி.

"நெட்டையா இருப்பாருன்னு சொல்லு," என்றாள் இன்னொருத்தி.

அக்கா மைக்கை அழுத்தி மாமாவின் பெயரை எழுத்தெழுத்தாக இருமுறை சொன்னார். பிறகு திரும்பி, "தோ, சொல்லிட்டேன். வானமா இடிஞ்சு வுழுந்துச்சு? நீங்களும் சொல்லுங்கடி!" என்றார்.

முந்தானையால் வாயை மூடியபடி ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், அக்கா அனுப்பினார். மதியத்துக்குள் எல்லோரும் உயிரோடு இருக்கும் செய்தி வந்துவிட்டது. மாமாவின் பெயர்தான் கடைசியாக வந்தது. அதுவரை அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்படி ஒருவருக்குத் தம்பியாகப் பிறந்தது என் பாக்கியம்.

கடைசி நாட்களில் நோய் வாட்டியபோதும் செவிலியரிடம் "ஊசி போட்டாச்சா, ஓவர்" என்று சிரித்தவர் அவர். அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த குப்பத்துப் பெண்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காரியத்தன்று வந்த ரேடியோ நண்பர்களுக்கும் நன்றி. மறைந்தவரின் அழைப்புக்குறியை, ரேடியோவில் அவரைக் குறிக்கும் எழுத்துகளை, கடைசியாக ஒருமுறை கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது அவர்கள் வழக்கம். அக்காவின் செட்டிலேயே கூப்பிட்டார்கள். இரைச்சல் மட்டும் கேட்டது. செட்டை அணைக்கப் போனபோது மாமா தடுத்தார். வாழ்நாளெல்லாம் "இந்தாம்மே" என்று மட்டுமே கூப்பிட்டவர், மைக்கை வாங்கி எங்கள் எல்லோர் முன்னாலும் அக்காவின் பெயரைச் சொன்னார்.

"ஓவர்," என்று சொல்லிவிட்டு, செட்டில் காதை வைத்துக் காத்திருந்தார்.