அண்ணிக்கும் இடம் வைத்த வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலரும் எங்கள் அண்ணனை ரிக் வண்டி டிரைவராகத்தான் அறிவீர்கள். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவருடைய ஒரே தங்கையான நான், கடைசி ஆண்டுகளில் அவர் மனத்தை நிறைத்திருந்த ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். அதைச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாகும்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தோம். அப்பா காலமானபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை முடித்திருக்கவில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியில் எடுபிடியாக ஏறியவர், டிரைவராகி, ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று பாதி ஆயுள் சுற்றினார். என் படிப்பும் திருமணமும் அந்த உழைப்பில் நடந்தவை. ஊருக்கு வரும்போது, "கடலெல்லாம் பாத்தியாண்ணா?" என்று கேட்பேன்.

"கடலோரத்துல நமக்கென்ன வேலை அம்மிணி? தண்ணி இல்லாத எடமாப் பாத்துத்தான் எங்களக் கூப்புடுவாங்க" என்பார்.

அத்தனை மாநிலம் போனவர், எந்த ஊரிலும் தானாக விரும்பி ஒரு நாள் நின்றதில்லை.

நாற்பதைத் தாண்டியபின் ரிக்கை விட்டு நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்தார். சேலத்தில் பழைய வண்டிச் சாமான் வியாபாரம் செய்யும் காதர் பாய் அவருக்கு நெடுநாள் நண்பர். ஆத்தூரில் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில் மிகப் பழைய புல்லட் ஒன்று துருவேறிக் கிடப்பதாக அவர்தான் தகவல் சொன்னார். இருவரும் போய் அதை வேனில் ஏற்றி வந்தார்கள். அண்ணன் எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பார்த்தார்.

"இது வேகத்துக்கு ஆகாது பாய். அம்பதுலயே வெச்சா நாளெல்லாம் போகும். எனக்கு அது போதும்" என்றாராம்.

மங்களூரில் தொடங்கிக் கடலை ஒட்டியே குஜராத் வரை போக வேண்டும் என்பது அவர் எண்ணம். பட்டறைத் தரையில் சாக்பீஸால் வண்டியை முழு அளவில் வரைந்தார். பெரிய டேங்க், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, முதுகு நோகாத சீட்டு. வரைவார், பக்கத்தில் குந்திப் பார்ப்பார், அழித்து மறுபடியும் வரைவார். அப்படி அவர் சிரித்த முகமாக இருந்த மாதங்கள் அவை.

அந்த வருடமே அண்ணியின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அண்ணன் தன்னுடையதைத் தர முன்வந்தார். அவருக்கே சர்க்கரை இருந்ததால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். பிள்ளைகள் இல்லாத வீடு. கூட்டிப் போவதும், வாசலில் காத்திருப்பதும், அளந்து தண்ணீர் கொடுப்பதும் அண்ணன்தான். எங்கே போனாலும் மறுநாள் திரும்பிவிட வேண்டும் என்று ஆனது. உறவில் நல்லது கெட்டதுக்கு அவர் வராததைக் குறையாக எண்ணியவர்கள் இதை அறிய வேண்டும்.

ஒருமுறை ஆஸ்பத்திரி நடையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அண்ணிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "ஜெயில்ல இருக்கறவனுக்குக்கூட வெளிய வர்ற தேதி தெரியும் அம்மிணி. எனக்கு அந்தத் தேதி வரவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கறேன்."

 

அவர் அடைபட்டுக் கிடப்பது அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. வண்டி ஓடும் நிலைக்கு வந்ததும், "மாமா, நீங்க போயிட்டு வாங்க. தங்கச்சி வந்து எங்கூட இருக்கட்டும்" என்று பிடிவாதமாக நின்றார். நான் வந்து தங்கினேன். அண்ணன் விடியற்காலையில் கிளம்பினார். மதியச் சோற்றுக்குள் திரும்பி வந்துவிட்டார்.

"ஜேடர்பாளையம் வரைக்கும் போனேன். எஞ்சின் சூடாயிருச்சு" என்றார்.

"எஞ்சின் சூடாயிருச்சுங்களா, உங்களுக்கு மனசு வரலீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள."

அதற்குப் பிறகுதான் திட்டமே மாறியது. வண்டிக்கு இடப்பக்கம் ஒருவர் உட்காரும் பெட்டியாகச் சைடுகார் வைத்து அண்ணியையும் கூட்டிப் போவது என்று முடிவெடுத்தார். வண்டிக்குப் புதிதாக இரும்புச் சட்டம் அடிக்கும் எண்ணத்தை, போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும் கைவிட்டார். பழைய சட்டத்தையே பலப்படுத்தி, முறைப்படி விண்ணப்பித்தார். அண்ணிக்கு டயாலிசிஸ் ஊசி குத்தும் கை இடது கை. சைடுகாரில் அது வெளிப்பக்கம் வரும். ஓர் இடி பட்டால்கூட ஆபத்து. அதற்காகவே அந்தப் பக்கச் சுவரை உயர்த்தி, உள்ளே மெத்தை தைத்தார். லாரி டிரைவர் சீட்டின் ஸ்பிரிங்கை வாங்கி அடியில் வைத்தார். அண்ணியை உட்கார வைத்து அளவெடுத்த அன்று நானும் இருந்தேன்.

"இந்தப் பொட்டிக்குள்ள என்னய வெச்சு எவ்வளவு தூரமுங்க போவீங்க?"

"மெஷின் இருக்கற ஊராப் பாத்துப் போவோம் புள்ள."

சொன்னபடியே கடலோர ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தார். வழிப்பயணமாக வருபவருக்கு டயாலிசிஸ் செய்வீர்களா என்று தெரிந்த இந்தியிலும் தெரியாத மலையாளத்திலும் கேட்டார். சிலர் மறுத்தார்கள். சிலர் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வரச் சொன்னார்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கும் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் இடையிலான தூரத்தை அந்த எஞ்சின் தாங்க வேண்டும். முதல் பயணம் கோழிக்கோடு வரை, பொங்கல் கழிந்து கிளம்புவது என்று ஏற்பாடாயிற்று. அண்ணி புதிதாக ஒரு சால்வை வாங்கி வைத்தார்.

பொங்கலுக்கு முன்பே, வழக்கமான டயாலிசிஸ் நாள் ஒன்றில், அதே ஆஸ்பத்திரி நடையில் அண்ணன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். டாக்டரும் நர்சுகளும் உடனே ஓடிவந்து செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அண்ணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினில் இருந்தார். "கழட்டி விடுங்க சாமி, நான் போகோணும்" என்று நர்சிடம் கெஞ்சினார். குழாயில் போன ரத்தம் முழுவதும் உடம்புக்குத் திரும்பும்வரை எழுந்திருக்க முடியாது. அவர் எழுந்து வந்தபோது அண்ணனின் கண்களை மூடியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணிக்கு டயாலிசிஸ் வந்தது. துக்க வீட்டை விட்டு இப்போதே வெளியே போகலாமா என்று சிலர் தயங்கியபோது, "அவன் இருந்தா வண்டிய எடுத்திருப்பான். கூட்டிட்டுப் போங்கப்பா" என்று சொன்ன பெரிய மாமாவுக்கு எங்கள் முதல் வணக்கம். அன்று முதல் அண்ணியை அழைத்துப் போக முறை வைத்து வரும் பட்டறைத் தோழர்களுக்கும், அண்ணன் விண்ணப்பித்தபோது போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைந்து சைடுகாருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்த காதர் பாய்க்கும் நன்றி. டயாலிசிஸ் பிரிவில் உடனிருந்து, கையில் பிளாஸ்திரியோடு இறுதிச் சடங்குக்கு வந்து நின்ற நோயாளிகளை நாங்கள் மறக்க மாட்டோம்.

வண்டி பட்டறையில் ஓடும் நிலையில் இருக்கிறது. ஓட்ட ஆளில்லை. விற்க அண்ணிக்கு மனமில்லை.

நினைவு நாளை வேறு கிழமைக்கு மாற்ற முடியவில்லை. இன்றும் அண்ணிக்கு ஆஸ்பத்திரி நாள். நீங்கள் இதைப் படிக்கும்போது, படையலை எடுத்து வைத்துவிட்டுப் போயிருப்பார். மூன்று மணிக்கு வந்துவிடுவார். சாப்பிட்டவுடன் கிளம்பிவிடாமல், அவர் வரும்வரை தயவுசெய்து இருங்கள்.