முதல் பந்தியில் ஒரு புரட்சி

பிரான்ஸ் தேசத்து ராஜாவுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் என் கல்யாணப் பேச்சு முறிந்துபோனதில் அவருக்குப் பங்கு உண்டு என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

யுத்த காலம் அது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. அண்ணன் சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிச் சரித்திரம் படித்தான். நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். மாவு ஆட்டினேன், துணி துவைத்தேன், ரயில் ஊதும்போதெல்லாம் எரிந்து விழுந்தேன். சிதம்பரம் போகிற அந்த ரயிலில் நானும் ஏறிப் போய்ப் படிக்க வேண்டும். இதைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமைகளில் அண்ணன் வருவான். அவனுக்கு ஒரு வழக்கம். தானாகப் படித்தால் மண்டையில் ஏறாது, யாராவது கேள்வி கேட்டு அவன் ஒப்பிக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். மடியில் புத்தகம், கையில் தேங்காய் மூடி. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா முழுவதும் எங்கள் சமையலறையில்தான் நடந்து முடிந்தது. காலங்காலமாக நடக்கிறது என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதே, உன் புத்தியைக் கொண்டு கேள்வி கேள் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் எழுதியதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுக்கும். நடிப்பில்லை, நிஜமாகவே அவனுக்குச் சிலிர்க்கும். அதனால்தான் அவனை நம்பினேன்.

பிரான்ஸ் ராஜா கூட்டிய சபை எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். குருமார் ஒரு வகுப்பு, பிரபுக்கள் ஒரு வகுப்பு, மிச்ச ஜனமெல்லாம் மூன்றாம் வகுப்பு. ஆள் எத்தனை பேர் இருந்தாலும் வகுப்புக்கு ஒரே ஓட்டு. முதல் இரண்டும் எப்போதும் சேர்ந்துகொள்ளும், ஆகவே மூன்றாம் வகுப்புக்குத் தோல்வி நிச்சயம். கடைசியில் அவர்கள், தனித்தனியாக உட்கார மாட்டோம், எல்லாரும் ஒரே சபைதான் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அங்கே கிளம்பியதுதான் அந்தப் புரட்சி அத்தனையும்.

"இது நம்ம வூட்டுப் பந்தி மாதிரியில்ல இருக்கு!" என்றேன். "விருந்தாளிங்க மொதல்ல, வூட்டு ஆம்பளைங்க அப்புறம், அடிவண்டல் ரசம் நமக்கு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், அப்பாவிடம் என் படிப்பைப் பற்றித் தானே பேசுவதாகச் சொன்னான். வாரா வாரம் கேட்டேன். வாரா வாரம் நேரம் வரட்டும் என்றான்.

நேரம் வருவதற்குள் புவனகிரி சம்பந்தம் வந்துவிட்டது. நிலபுலன் உள்ள குடும்பம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருகிறோம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் அப்புறம் மாற்றுப் பேச்சுக் கிடையாது. அரிசிக்கு அல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா எங்கெங்கோ சொல்லி வைத்து நல்ல அரிசி வாங்கியிருந்தாள்.

கூடத்தில் இலை போட்டார்கள். அண்ணன் சாம்பார் வாளியோடு நின்றான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நேராகப் போய், கடைசியில் காலியாக இருந்த இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வரிசையில்! இதோடு எழுந்து போய்விடுவார்கள், ஜூன் மாதம் காலேஜ் திறக்கும்போது நான் சிதம்பரத்தில் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா கடகடவென்று சிரித்தார்.

"புள்ளைக்குப் பசி தாங்கல போலருக்கு. சாப்புடட்டும் வுடுங்க, இனிமே நம்ம வூட்டுப் பொண்ணுதான!"

கூடமே சிரித்தது. என் இலையிலும் சோறு விழுந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

"எனக்குப் பசியில்ல மாமா. நான் காலேஜில படிக்கணும். அண்ணனுக்கு எல்லாம் தெரியும், கேளுங்க."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான்.

"சின்னப் பொண்ணு மாமா," என்றான். "யாரோ சொல்லிக் குடுத்தத பேசுது."

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, அங்கே உட்கார்ந்திருக்க உடம்பு கேட்கவில்லை. பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், இன்னும் ஒரு வாய் வைக்கவில்லை. அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது.

"பந்தி பாதியில பொண்ணு எழுந்துட்டுதே," என்றார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "எழுந்திருங்கப்பா," என்றார்.

கூட உட்கார்ந்தவர்கள் முடிக்குமுன் இலையை விட்டு எழுவது அவர்களை அவமதிப்பது. சின்ன வயதிலிருந்து பந்தியே கிடைக்காமல் அடுப்படியில் சாப்பிட்ட எனக்கு அது எங்கே தெரியும்! நான் உட்கார்ந்ததைச் சிரித்து மன்னித்தவர்கள் எழுந்ததை மன்னிக்கவில்லை. ஒருவரும் ஒரு வாய்கூட வைக்காமலே வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அம்மா இலைகளில் கிடந்த அரிசிச் சோற்றைப் பார்த்துத்தான் அழுதாள்.

செய்தி புவனகிரியோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வாசலை ஒரு தரகர்கூட மிதிக்கவில்லை. பல மாதம் என்னோடு பேசாமலிருந்த அப்பா, ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: "வூட்ல வச்சிகிட்டு என்னா பண்றது? படிச்சி டீச்சராவாவது ஆவட்டும்." சமத்துவமும் ஜெயிக்கவில்லை, சுதந்திரமும் ஜெயிக்கவில்லை. அப்பாவுக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

கிளம்பின அன்று அண்ணன்தான் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். ரயில் வந்தது. பெண்கள் ஏறும் பெட்டிக்கு எதிரே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"எம்மேல இன்னும் கோவமா?"

"யாரோ ஒருத்தர்மேல எனக்கு எதுக்குக் கோவம்?" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.