அண்ணனின் விரதமும் ஒரு டின் பொடியும்

என் அண்ணன் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டது ஆஸ்பத்திரி வாசலில் வைத்து. அண்ணிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், கோயில் பக்கமே அதிகம் எட்டிப்பார்க்காத மனிதர், "அவ நல்லபடியா வந்துட்டா தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணி வந்தார். ஆனால் பழைய அண்ணியாக வரவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது. பசிக்கிறது என்று அவர் வாயால் கேட்டு மாதக்கணக்காயிற்று. பண்டார் தெங்காராவில் எங்கள் இரண்டு வீடும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. துணியைக் காயப்போட்டுவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்ப்பேன்.

விரதம் தொடங்கியதும் அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். கூலாயில் இருக்கும் பேக்டரியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. நடுவழியில் காவடியோடு விழுந்துவிட்டால் வேண்டுதல் என்னாவது? இந்தப் பயத்தை மோப்பம் பிடித்த சக ஊழியர் ஒருவர், ஒரு டின் பொடியை அவர் தலையில் கட்டிவிட்டார். முன்பக்கத்தில் பனிமலை, ஊதாப் பழங்கள், பெயர் தெரியாத ஓர் இலை. பெரிய எழுத்தில் 'சூப்பர்ஃபூட்'. நம் ஊரில் பனி எங்கே பெய்கிறது என்று கேட்க நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

விடிந்ததும் அதைக் கலக்கிக் குடிப்பார்.

"உடம்புல கரண்டு ஓடுது தங்கச்சி."

"பில்லு வராமப் பாத்துக்குங்கண்ணே" என்றேன்.

அண்ணி அடுப்படியிலேயே இருந்தார். அவர் பாட்டுக்குச் சமைத்தார். பச்சைப்பயற்றுக் கஞ்சி, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காங்கோங் கீரை, சோயாவில் செய்த தெம்பே வறுவல். பெக்கான் நானாஸிலிருந்து வரும் அன்னாசி லாரி முச்சந்தியில் நின்றால் ஒரு பழம். எல்லாம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கூடையில் அள்ளிப் போட்டு வாங்குகிறவைதான். அண்ணி கீரை ஆய்கிற நிதானத்தைப் பார்த்தாலே எனக்குப் பசிக்கும். தண்டில் எது முற்றல், எது இளசு என்று விரலே பிரித்துவிடும். வீட்டில் இரண்டு சமையல் எதற்கு என்று அவரும் அதையே வேளாவேளைக்குச் சாப்பிட்டார். அண்ணன்தான், டின் இருக்கிற தெம்பில், இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார்.

உண்மையைக் கண்டுபிடித்தது அண்ணன் வீட்டுப் பூனை. மீன் தலையைத் தவிர எதையும் மதிக்காத தடியன் அது. விரதம் தொடங்கியதிலிருந்து கோபித்துக்கொண்டு என் வீட்டிலேயே கிடந்தது. ஒரு காலையில் அண்ணன் குடித்து வைத்த டம்ளரில் தலையை நுழைத்து, மிச்சத்தை நக்கு நக்கென்று நக்கியது. நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. டம்ளரை முகர்ந்தார். பிறகு டின்னைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை என்னைப் படிக்கச் சொன்னார். பாலும் சர்க்கரையும் முதலில் இருந்தன. ஊதாப் பழம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மலாயில் 'கொலாஜென் ஈக்கான்'. மீன்.

"அலமாக்!" என்று அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "விரதம் போச்சு. இனி எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுக் காவடி எடுக்கிறது? அடுத்த வருஷம்தான்."

அண்ணி அவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "தெரியாமக் குடிச்சதுக்கு முருகன் சண்டைக்கு வர மாட்டாரு. தெரிஞ்சதுக்கு அப்புறம் என்ன சாப்பிடுறீங்கன்னுதான் பாப்பாரு. இன்னிக்குக் குளிச்சிட்டு மறுபடி ஆரம்பிங்க. தட்டுல போட்டத முழுசாச் சாப்பிடுங்க, அது போதும்லா."

அவ்வளவுதான் சொன்னார். டின் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து அண்ணன் தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறு கிழங்கும் கேட்டார். வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்தார். உடம்பில் கரண்டு ஓடவில்லை, ஆனால் மயக்கமும் வரவில்லை. அண்ணியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய இடத்தில் நானாக இருந்தால் அந்த டின்னைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் ஓட்டியிருப்பேன்.

தைப்பூசத்தன்று வெயில் கொளுத்தியது. என் காரில் வரும்படி அண்ணியை எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் காவடிக்குப் பின்னால் கூட்டத்தோடு கலந்துவிட்டார். நாங்கள் அண்ணன் விழுந்துவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டு போனதில் அண்ணியை மறந்துவிட்டோம். அண்ணன் விழவில்லை. கோயிலில் காவடியை இறக்கியபின்தான் திரும்பிப் பார்த்தார். யாருக்காக எடுத்தாரோ அந்த அண்ணி பின்னாலேயே நின்றார், எதையும் பிடித்துக்கொள்ளாமல்.

கஞ்சியும் கீரையும்தான் அவரை நடக்கவைத்தன என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் டின் விற்கிறவளாகிவிடுவேன். டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, முருகன் இருக்கிறார். நான் என் காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

"நடந்தேவா வந்தே?" என்றார் அண்ணன்.

"ஆமா. சாப்பாட்டுப் பந்தி எங்கங்க இருக்கு?" என்றார் அண்ணி. "எனக்குப் பசிக்குது."